ஒரே கடிதம், நூற்றெண்பத்தாறு தடவை

மூணுகல் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒரு கடிதத்தை அதுவரை யாரும் எழுதியதில்லை. சர்மிளா அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததில் பிழையும் இல்லை. ஒன்றரைப் பக்கம், ஓர் எழுத்துப் பிழை கிடையாது. "தலைமுறை தலைமுறையாக இம்மலைகளைப் பசுமையாக்கிய எமக்கு ஒரு விலாசம் இல்லை" என்று தொடங்கி, "எமது மக்களின் நியாயமான கோரிக்கையை ஏற்று" என்று முடியும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி அதைச் சர்மிளாவின் கடை வாசலில் நின்று உரக்க வாசித்தார். கூட்டங்களில் பேசும்போது வரும் கரகரப்பு மூன்றாவது வரியிலேயே அவர் தொண்டையில் ஏறிவிட்டது.

"எழுதுனா இப்படி எழுதணும் பாப்பா. இதைப் படிச்சிட்டு எவன் மாட்டேன்னு சொல்லுவான்?"

சர்மிளாவின் முகம் மலர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். மூணுகல்லில் வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. மேட்டு லயம், பணிய லயம், கோயில் லயம் என்று வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள், காம்பராக்கள், உண்டு. யார் எங்கே இருக்கிறார் என்று தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் வெளியுலகத்துக்கு அந்த நூற்றெண்பத்தாறு குடும்பங்களுக்கும் ஒரே விலாசம்தான், மூணுகல் தோட்டம். யாருக்குக் கடிதம் வந்தாலும் அது தோட்டத்து ஆபிஸ் ஜன்னலோரத்தில் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடக்கும். யாருக்காவது ஞாபகம் வந்தால் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், பெயர் கூப்பிடுவார்கள். எஸ். லெட்சுமி என்று கூப்பிட்டால் ஏழு பேர் கை நீட்டுவார்கள்.

அந்த பிஸ்கட் பெட்டியைப் பற்றிச் சர்மிளாவிடம் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர் பயிற்சிக்கு அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் அதற்குள்தான் கிடந்தது. அவள் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து ரோட்டு முச்சந்தியில் 'சர்மிளா கொமினிகேஷன்' என்று ஒரு கடை திறந்தாள். போட்டோ கொப்பி, ரீலோட், டைப்பிங் எல்லாம் உண்டு. அன்றிலிருந்து தோட்டத்துக்கு வேண்டிய எழுத்தெல்லாம் அவள் எழுத்துதான்.

இந்த வருஷம் டவுனிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லி யார் வம்பை விலைக்கு வாங்குவது? நூற்றைம்பது குடும்பங்கள் தனித்தனியே விண்ணப்பித்தால் வீடுகளுக்கு இலக்கம் கொடுத்து, தபால்காரரை வாசல்வரை அனுப்புவார்களாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி கடைசி நேரம். தவறினால் அடுத்த பட்டியல் ஐந்து வருஷம் கழித்துத்தான். தபாலிலும் அனுப்பலாம், ஈமெயிலிலும் அனுப்பலாம். தபால்காரர் வேண்டும் என்ற விண்ணப்பத்தைத் தபாலை நம்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு குடும்பமாக வந்து பெயரைச் சொல்ல, சர்மிளா கடிதத்தின் அடியில் அந்தப் பெயரை மாற்றி, கடையின் ஈமெயிலிலிருந்தே அனுப்பினாள். தலைவர் பக்கத்தில் நின்று கொழுந்து நிறுக்கிறவரைப் போல உரக்க எண்ணினார். இரண்டு மணி நேரத்தில் நூற்றெண்பத்தாறும் போய்விட்டது. ஆளுக்கொரு மாதிரி எழுதலாமா என்ற யோசனைகூட யாருக்கும் வரவில்லை. அந்தத் தோட்டத்தில் எதைக் கேட்டாலும் அப்படிக் கேட்டுத்தான் பழக்கம். சம்பளமோ தண்ணீர்க் குழாயோ, ஒரே மனு, ஒரே வார்த்தை, அடியில் எல்லாருடைய கையெழுத்தும். ஆளுக்கொன்று பேசினால் தோட்டத்தை நடத்துகிற தொரை ஆளுக்கொரு பதில் சொல்லிப் பிரித்துவிடுவார் என்பது நாலு தலைமுறையாக அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு ஒரு அழைப்பு வந்தது.

"சர்மிளாவோ கதைக்கிறது? நான் ஆர்த்திகா. நீங்கள் விண்ணப்பம் அனுப்பின அலுவலகத்தில வேலை செய்யிறன்."

யாழ்ப்பாணத்துப் பேச்சு. சர்மிளா கதிரையை விட்டு எழுந்து நின்றாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

"சொல்லுங்க மிஸ்."

"உங்கட ஈமெயில் ஒண்டும் எங்கட இன்பொக்சுக்கு வரேல்லை. வேற ஒண்டைத் தேடேக்க ஸ்பாமுக்குள்ள பாத்தன். நூற்றெண்பத்தாறும் அங்க கிடக்கு."

"ஸ்பாமா? அது லொத்தர் விழுந்திருக்குன்னு வர்ற பொய் மெயில்தானே மிஸ்? நாங்க என்ன பொய்யா எழுதியிருக்கோம்?"

"பொய் எண்டு நான் சொல்லேல்லை. கம்பியூட்டருக்குப் பொய் மெய் தெரியாது. ஒரே ஆளிட்ட இருந்து ஒரே எழுத்து ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள நூற்றெண்பத்தாறு தரம் வந்தா, ஆரோ கரைச்சல் குடுக்கிறாங்கள் எண்டு தூக்கி எறிஞ்சிடும்."

"நீங்க எடுத்து வெளிய போடுங்களேன் மிஸ்."

"போடலாம். ஆனா எங்கட சேர் அதை ஒரு விண்ணப்பமாத்தான் எண்ணுவார். தனித்தனி எண்டு அறிவித்தல்லயே கிடக்கு. வெள்ளி நாலரைக்கு இன்னும் மூண்டு நாள் இருக்கு. அதுதான் எடுத்தனான்."

சர்மிளாவுக்குக் காது சுட்டது. அவள் எழுத்து, அவளுடைய எழுத்து, குப்பைக்குள்!

"யாரு மிஸ் இதுக்கு ஸ்பாம்னு பேரு வச்சது?" என்று கேட்டாள். சண்டைக்குப் போகிறவள் எதிராளியின் விலாசத்தைக் கேட்கிற தொனி.

ஆர்த்திகா சிரித்துவிட்டாள். "எங்களுக்கு ஒரு ட்ரெயினிங்கில சொல்லித் தந்தவை. அது ஒரு டின் இறைச்சியின்ர பேர். உலக யுத்த நேரம் இங்கிலாந்தில நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு, எங்க பாத்தாலும் அந்த டின்தான். பிறகு அங்க டிவியில ஒரு பகிடி நாடகம் போட்டவை. ஒரு சாப்பாட்டுக் கடை, எதைக் கேட்டாலும் அதுக்குள்ள அந்த டின் இறைச்சி. பக்கத்து மேசையில கொஞ்சப் பேர் அந்தப் பேரையே திருப்பித் திருப்பிப் பாடுவினம். வேற ஒருதரும் கதைக்கேலாது. இன்டர்நெட் வந்த புதுசில, ஆக்கள் எழுதிக் கதைக்கிற இடங்களில சில குழப்படிகாரர் அந்தச் சொல்லையே வரி வரியா அடிச்சு மற்றவையின்ர கதையைக் காணாமல் பண்ணினவை. அப்பிடியே பேர் ஒட்டிட்டுது."

"அதுக்கு முன்னாடி இப்படி யாரும் அனுப்பலையா?"

"அனுப்பினவை. எழுபத்தெட்டாம் ஆண்டு அமெரிக்காவில ஒரு கம்பியூட்டர் கம்பெனிக்காரர், தங்கட புது மெசினை வந்து பாருங்கோ எண்டு நானூறு பேரளவுக்கு ஒரே கடிதம் அனுப்பினவர். அதுதான் முதலாவது எண்டு சொல்லுவினம். வாங்கின ஆக்களுக்குச் சரியான கோவம். அவையள் கேக்கேல்லைத்தானே."

போனை வைத்ததும் சர்மிளா கடைக் கதவைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கோபம் இறங்க அரைமணி நேரமாயிற்று. பிறகு தன் கடிதத்தை எடுத்து, வேறு யாரோ எழுதியதைப் போல வாசித்தாள். மலை இருந்தது, தலைமுறை இருந்தது, வியர்வை இரண்டு இடத்தில் இருந்தது. ஆள் இல்லை. ஏழு லெட்சுமிகளில் ஒருத்தியும் இல்லை. பிஸ்கட் பெட்டிக்குள் எட்டு நாள் கிடந்த அவளுடைய சொந்தக் கடிதமும் இல்லை. அதை எழுதத் தனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே போய்விட்டாள். கூடைகளோடு பெண்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தியாகப் பெயர் கூப்பிட்டு நிறுத்துக்கொண்டிருந்தார். சர்மிளா விஷயத்தை மறைக்காமல் எல்லார் முன்னாலும் சொன்னாள். தன் கடிதம் குப்பைக்குப் போனதையும் சொன்னாள். ஆளுக்கொரு கடிதம், அவரவர் வார்த்தையில், அவரவர் போனிலிருந்து போக வேண்டும் என்றாள்.

செல்லசாமிக்குச் சுருக்கென்று வந்தது. "ஆளுக்கொன்னு எழுதுனா அப்புறம் சங்கம் எதுக்கு? ஒத்துமை எதுக்கு? நாம ஒன்னா சொன்னாத்தான் பலம்."

"தலைவரே, வெள்ள நேரம் நிவாரணம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எந்தப் பார்சலைப் பிரிச்சாலும் டின்மீன். நாலாவது நாளு பார்சல் வருதுன்னா யாராச்சும் எட்டிப் பாத்தோமா? அப்படித்தான் ஆயிருச்சு நம்ம கடுதாசி."

மடுவமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அப்போது வரிசையில் நின்ற ராசம்மா, முப்பத்து மூன்று வருஷமாக மலையில் கொழுந்தெடுக்கப் போகிறவள், கூடையை இறக்காமலே கேட்டாள்.

"ஏன் தலைவரே, நம்ம கொழுந்தை ஒன்னா கொட்டியா நிறுக்கிறாங்க?"

"அது எப்படி? அவங்கவங்க கூடை அவங்கவங்களுக்கு."

"யாராச்சும் என் கூடையை இன்னொருத்தி பேருல போட்டா நீங்க விடுவீங்களா?"

"தராசையே தூக்கி எறிஞ்சிற மாட்டேன்?"

"கொழுந்துக்கு ஆளுக்கொரு பேரு இருக்கு. கடுதாசிக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே பேரா? எல்லாரும் ஒரே மலையிலதான் எடுக்கிறோம். அதுக்காக ஒரே கூடையிலயா போடுறோம்?"

கணக்கப்பிள்ளை நிறுப்பதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார். செல்லசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே வியர்வை ஒன்றும் இல்லை.

"சரி பாப்பா," என்றார். "எங்க ஆரம்பிக்கணும்?"

அங்கேயே ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு ஒரு போனாவது உண்டு. பிள்ளைகள் யூடியூப் பார்க்கத் திறந்த ஈமெயிலும் அதில் உண்டு. பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்குச் சர்மிளா புதிதாகத் திறந்து கொடுத்தாள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் போனைப் பார்த்துப் பேசினால் போதும், அதுவே எழுத்தாக்கிவிடும் என்று சொன்னதும் ராசம்மா போனை வாங்கி, எதிரே ஆள் நிற்பதைப் போலத் தலைச்சீலையைச் சரி செய்துகொண்டாள்.

"ஐயா, என் பேரு ராசம்மா. நான் எடுத்த கொழுந்து லண்டனுக்குப் போகுது, ரஷ்யாவுக்குப் போகுதுன்னு சொல்றாங்க. அது ஒன்னும் வழி தப்பிப் போனதில்ல. கொழும்புல இருக்கிற என் மக எனக்குப் போட்ட கடுதாசி மட்டும் இந்த ஆபிஸ்ல இருந்து என் காம்பராவுக்கு வர வழி தெரியாம நிக்குது. அவ்வளவுதான் ஐயா."

சர்மிளா அதில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. திருத்தக் கை துறுதுறுத்தது. ஒன்றரைப் பக்கத்தில் தான் சொல்ல முடியாததை இந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளே என்று பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் அதிகம்.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கும் ஆண்டியப்பன், கண் ஒப்பரேஷனுக்கு வந்த கடிதம் திகதி தாண்டிக் கிடைத்ததை எழுதினார். ஏழு லெட்சுமிகளும் தனித்தனியே எழுதினார்கள். அதில் ஒருத்தி, இன்னொரு லெட்சுமிக்கு வந்த கல்யாணக் கடிதத்தைத் தான் பிரித்துப் படித்துவிட்டதை முதல்முறையாக ஒப்புக்கொண்டாள். அதனால் கோயில் லயத்தில் ஒரு சிறு சண்டை வந்து அடங்கியது. தலைவர் மூன்று தடவை எழுதிக் கிழித்தார். கடைசியில் இரண்டே வரி: "நான் இருபது வருஷமாகத் தலைவர். மற்றவர்களுக்காக எத்தனையோ மனு கொடுத்திருக்கிறேன், எனக்காக ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை." அதைச் சர்மிளாவிடம் காட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார்.

வெள்ளி காலைக்குள் நூற்று முப்பத்தொரு கடிதங்கள் போயிருந்தன. இன்னும் பத்தொன்பது போதும். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஒரு மணிக்குக் கரண்டும் போனது, சிக்னலும் போனது. மலையில் மழை இப்படி வருவது புதிதில்லை. ஆனால் அன்றைக்குச் சர்மிளா நிமிஷத்துக்கொரு தடவை மணி பார்த்தாள்.

"மெயின் ரோட்டு வளைவுல அடுத்த டவுன் டவர் சிக்னல் எடுக்கும்," என்றார் செல்லசாமி. "மத்தியானக் கொழுந்து நிறுத்தாச்சு. நான் தொரைக்கிட்ட சொல்லிக்கிறேன். வாங்க."

இன்னும் அனுப்பாத நாற்பது பேரும் துணைக்குச் சிலரும் இறங்கிப் போனார்கள். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்குகளை அவிழ்த்து, நாலு மூலையிலும் பிடித்துக் கூரையாக உயர்த்தினார்கள். அதன் கீழே போன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஹட்டன் டவுனுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஒரு கடிதம் போனதும் அடுத்தவர் கூரைக்குள் வருவார். தலைவர் வெளியே நனைந்துகொண்டு எண்ணினார்.

நாலேகாலுக்குத்தான் சர்மிளாவின் முறை வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் உதவி செய்தவள் தன்னுடையதை இன்னும் எழுதியிருக்கவில்லை. விரல் ஈரத்தில் வழுக்கியது. "நான் டீச்சராகியிருக்க வேண்டியவள். என்னை அழைத்த கடிதம் எட்டு நாள் பிந்தி வந்தது. அதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். இனி இந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளையும் அப்படி ஒரு கடிதத்தை வைத்திருக்கக் கூடாது." அனுப்பினாள். ராசம்மா ஒரு கையால் படங்கைப் பிடித்தபடி மறு கையால் அவள் முதுகைத் தட்டினாள். ராசம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சர்மிளாவின் முகத்தைப் பார்த்தே தட்டினாள்.

நாலே முக்காலுக்கு ஆர்த்திகாவின் அழைப்பு வந்தது. சர்மிளா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நூற்றியெழுபத்தொண்டு வந்திருக்கு. ஒண்டும் ஸ்பாமுக்குள்ள போகேல்லை."

வளைவில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தியதில் போய்க்கொண்டிருந்த ஒரு லொறி நின்றுவிட்டுப் போனது.

"சர்மிளா, கேக்குதோ? நேற்றுப் பின்னேரம் வந்த எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டிருந்து நான் பஸ்ஸை விட்டிட்டன். எங்கட சேரும் ராசம்மாவின்ர கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சவர். ஆர் அவ?"

"இந்தா, பக்கத்துலதான் நிக்கிறாங்க மிஸ்," என்றாள் சர்மிளா. அதைச் சொல்லும்போது, தானே ராசம்மாவைப் பெற்றெடுத்ததைப் போல அவளுக்கு ஒரு பெருமை.

அதன் பிறகு இலக்கம் அடிக்க ஆள் வந்து போகவே ஏழு மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, கினிகத்தேனைப் பக்கத்துத் தபால்காரர் ஒருவர் சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டுப் பையோடு படியேறினார். மேட்டு லயத்தின் முதல் வாசலில் நின்று, சிங்களம் கலந்த தமிழில் இலக்கத்தையும் பெயரையும் வாசித்தார். அப்புறம் அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல். நாய்களெல்லாம் அவரைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தன. வாசலுக்கு வாசல் நிற்கிற மனிதரை அவை அதுவரை பார்த்ததில்லை.

எல்லாருக்கும் கடிதம். அலுவலகத்திலிருந்து வந்த, இலக்கத்தை உறுதிப்படுத்தும் கடிதம். சர்மிளா தன்னுடையதைப் பிரித்து வாசித்தாள். பக்கத்து வீட்டுக்கு வாசித்துக் காட்டினாள். மூன்றாவது வீட்டுக்கு வாசிக்கும்போதே செல்லசாமி கண்டுபிடித்துவிட்டார்.

"ஏய் பாப்பா! எல்லாருக்கும் ஒரே கடுதாசி! பேரையும் நம்பரையும் மட்டும்தான் மாத்தியிருக்காங்க. நாம அனுப்புனப்ப ஸ்பாமு, அவங்க அனுப்புனா மட்டும் கடுதாசியா?"

லயமே கொல்லென்று சிரித்தது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, சர்மிளா காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்த ராசம்மா, விரலை எடுக்காமலே சொன்னாள்.

"கேக்காம வந்து நிக்கிறதுதானே தலைவரே குப்பை? இது நான் கேட்டு, என் வீட்டுக்கு வந்த கடுதாசி."